கொத்தும் கிலோவும்: முகத்தலளவையை நிறையாக மாற்றும் முறை

ஊவா மாகாணத்து நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் நாளாந்தம் இருவகை அளவைகளைக் கையாண்டு வருகின்றனர். வீட்டிலே அரிசி சுண்டாலும் கொத்தாலும் அளக்கப்படுகின்றது. களத்திலே நெல் புசற் கணக்கிற் பேசப்படுகின்றது. கடையிலோ அரிசி, மா, சீனி, பருப்பு யாவும் கிலோவாகவே விற்கப்படுகின்றன. விதையும் உரமும் இடவேண்டிய அளவு கிலோகிராமிற் சிபாரிசு செய்யப்படுகின்றது. எனினும் வயலில் அவை பெரும்பாலும் பால்ரின்னாலும் வாளியாலும் அளந்தே இடப்படுகின்றன.

இவ்விரு அளவைகளுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக அறியாதவர் வாங்கும்போதும் விற்கும்போதும் நட்டமடைவர். விதைக்கும்போதும் உரமிடும்போதும் பிழை விடுவர். இத்தொடர்பை அறிவதற்குப் பெருங் கல்வி வேண்டியதில்லை. ஒரு தராசு, ஒரு வெற்று ரின், கொஞ்சம் தண்ணீர், கூட்டலும் வகுத்தலும் அறிந்த ஒருவர் ஆகியன போதும். பாடசாலை செல்லும் பிள்ளை வீட்டிலிருப்பின் இக்கணக்குகளை அப்பிள்ளையைக் கொண்டே செய்விக்கலாம்.

முகத்தலும் நிறுத்தலும்

ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்பதைக் காட்டுவது முகத்தலளவை. சுண்டு, கொத்து, புசல், போத்தல், லீற்றர் என்பன இவ்வகையின. ஒரு பொருள் எவ்வளவு பாரமுடையது என்பதைக் காட்டுவது நிறுத்தலளவை. அவுன்சு, இறாத்தல், அந்தர், கிராம், கிலோகிராம் என்பன இவ்வகையின.

ஒரு கொத்தில் எத்தனை கிலோ என்று பொதுவாகக் கேட்பது பொருந்தாது. எதனால் நிரப்பிய கொத்து என்பதை முதலில் அறிதல் வேண்டும். பஞ்சு நிரப்பிய சாக்கும் மணல் நிரப்பிய சாக்கும் ஒரே அளவினவாயினும் ஒரே நிறையின அல்ல. நெல், அரிசி, மா, உரம் ஆகியவற்றிலும் இவ்வேறுபாடு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத அளவிற் சிறிதாயிருப்பதே ஏமாற்றத்திற்குக் காரணமாகின்றது.

புசல் வந்த வழி

முற்காலத்தில் இலங்கையின் கிராமங்களில் வயலின் பரப்பே விதைநெல்லின் அளவாற் கூறப்பட்டது. ஓர் அமுணம் நெல் விதைக்கக்கூடிய வயல் ஓர் அமுண வயல் எனப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியிலே புசல் வழக்குக்கு வந்தது. 1824 ஆம் ஆண்டின் பிரித்தானிய அளவைச் சட்டப்படி, 10 இறாத்தல் தண்ணீர் கொள்ளும் இடம் ஒரு கலன் என வரையறுக்கப்பட்டது. எட்டுக் கலன் ஒரு புசல். ஆகவே ஒரு புசல் என்பது 80 இறாத்தல் தண்ணீர் கொள்ளும் ஒரு பாத்திரமேயாகும்.

அப்பாத்திரத்தைத் தலைதட்டி அரிசியால் நிரப்பினால் நிறை ஏறக்குறைய 64 இறாத்தலாகும். நன்கு காய்ந்த நெல்லால் நிரப்பினால் 46 இறாத்தலே ஆகும். 80, 64, 46 என்னும் இம்மூன்று எண்களும் மனத்திற் கொள்ளத்தக்கவை. ஒரே புசல், மூன்று நிறைகள்.

ஒரு புசல் 32 கொத்துக்களாகவும், ஒரு கொத்து 4 சுண்டுகளாகவும் வகுக்கப்பட்டது. இதன்படி ஒரு கொத்து அரிசி 2 இறாத்தலாகும். தேயிலைத் தோட்டங்களிலே தொழிலாளருக்கு அரிசி வழங்கப்பட்ட காலத்தில் இக்கணக்கே வழங்கியது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் 1942 இல் தொடங்கிய பங்கீட்டு முறையிலும் அரிசி கொத்தாகவே கொடுக்கப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. கொத்து என்னும் அளவு மக்களின் வாழ்வோடு எவ்வளவு இணைந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. இன்று விற்பனைக்குரிய அளவைகளை 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. எனினும் புசலும் கொத்தும் அந்தரும் பேச்சிலிருந்து மறையவில்லை. சட்டம் கிலோவிலும் பேச்சு புசலிலும் நிற்கும்போது, இரண்டையும் இணைக்கும் கணக்கு கமக்காரர் கையில் இருத்தல் வேண்டும்.

அடிப்படை அட்டவணை

தலைதட்டி அளந்த அளவுகளுக்குரிய நிறை பின்வருமாறு.

புசல் (36.37 லீற்றர்): தண்ணீர் 36.37 கிலோ, அரிசி 29.03 கிலோ, காய்ந்த நெல் 20.87 கிலோ.

கொத்து (1.137 லீற்றர்): தண்ணீர் 1,137 கிராம், அரிசி 907 கிராம், காய்ந்த நெல் 652 கிராம்.

சுண்டு (284 மில்லிலீற்றர்): தண்ணீர் 284 கிராம், அரிசி 227 கிராம், காய்ந்த நெல் 163 கிராம்.

நிறுத்தலளவைகளை மாற்றுவதற்கு: 1 இறாத்தல் 454 கிராம், 1 அவுன்சு 28 கிராம், 1 அந்தர், அதாவது 112 இறாத்தல், 50.8 கிலோ. இக்காலத்தில் 50 கிலோ உரப்பையையும் அந்தர் என்றே பலர் அழைக்கின்றனர். பழைய அந்தரிலும் இப்பை 800 கிராம் குறைந்தது என்பதைக் கவனிக்க.

ஒரே பாத்திரம் வேறு நிறை காட்டுவது ஏன்?

பொருளின் தன்மை ஒருபுறமிருக்க, ஒரே பொருளை ஒரே பாத்திரத்தால் அளந்தாலும் நிறை மாறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, குவித்தளத்தல். பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் நிற்கும் குவியல் சிறிதெனத் தோன்றும். அது எவ்வளவு என்பது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. 11 சென்ரிமீற்றர் வாயகலமும் 12 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒடுங்கிய கொத்தில் நெல்லைக் குவித்தால் பத்தில் ஒரு பங்கு மட்டில் மிகுதியாகும். அதே கொள்ளளவுடைய, ஆனால் 14½ சென்ரிமீற்றர் வாயகலமுள்ள தாழ்ந்த கொத்தில் குவித்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிகுதியாகும். இவ்விரு பாத்திரங்களும் தலைதட்டி அளக்கும்போது சமமானவை. குவித்து அளக்கும்போது சமமற்றவை. குவித்து வாங்கித் தலைதட்டிக் கொடுப்பவருக்கு இலாபம் எங்கிருந்து வருகின்றது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, குலுக்கி அளத்தல். பாத்திரத்தைத் தட்டினாலும் குலுக்கினாலும் தானியம் நெருங்கி அமையும். இதனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை கூடுதலான தானியம் அதே பாத்திரத்தில் அடங்கும். மாவில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது.

மூன்றாவது, ஈரமும் பதரும். ஈரநெல் காய்ந்த நெல்லிலும் பாரமானது. பதர் கலந்த நெல் இடத்தை அடைக்குமன்றி நிறையைத் தராது. ஆகவே பதர் கலந்த நெல்லைப் புசலால் வாங்குபவர் நட்டமடைவர். ஈரநெல்லைக் கிலோவால் வாங்குபவரும் நட்டமடைவர். நன்கு தூற்றி, நன்கு காயவைத்து, நிறுத்து விற்பதே இரு பகுதியாருக்கும் நேர்மையான வழியாகும்.

வீட்டிலேயே அட்டவணை அமைக்கும் முறை

அச்சிட்ட அட்டவணை எதுவும் ஒருவரது வீட்டுப் பாத்திரத்திற்கு முற்றிலும் பொருந்தாது. சுண்டு என்று வழங்கும் பால்ரின்கள் எல்லாம் ஒரே கொள்ளளவுடையன அல்ல. ஆகையால் ஒவ்வொரு வீட்டினரும் தமது பாத்திரத்தைத் தாமே ஒருமுறை நிறுத்தறிதல் நன்று. அதற்குரிய முறை பின்வருமாறு.

1. அளக்கப் பயன்படும் ரின்னை நன்கு உலர்த்தி, வெறுமையாக நிறுத்து நிறையைக் குறித்துக்கொள்க.

2. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுக்க. வெற்று ரின்னின் நிறையைக் கழிக்க. மீதியான கிராமின் எண்ணிக்கையே ரின்னின் கொள்ளளவு மில்லிலீற்றரில் ஆகும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம் என்பதே இதற்கு ஆதாரம்.

3. ரின்னை உலர்த்தி, அளக்கவேண்டிய பொருளைத் தாராளமாகக் கொட்டி நிரப்புக. குலுக்கவோ அழுத்தவோ வேண்டாம். நேரான ஒரு கோலால் விளிம்போடு வழித்துவிடுக.

4. நிறுத்து, வெற்று ரின்னின் நிறையைக் கழிக்க.

5. இவ்வாறு மூன்று முறை நிறுத்து, மூன்று நிறைகளையும் கூட்டி மூன்றால் வகுக்க. ஒரு முறை நிறுப்பதிலும் இது நம்பத்தக்கது.

6. பொருளின் நிறையைத் தண்ணீரின் நிறையால் வகுக்க. கிடைக்கும் எண்ணை அப்பொருளின் பெயரோடு எழுதிவைக்க.

கடைசியாகக் கிடைத்த எண் மிகப் பயனுள்ளது. அது ரின்னுக்கு மட்டுமன்றி, எந்தப் பாத்திரத்திற்கும் பொருந்தும். உதாரணமாக, ஒரு ரின் 300 கிராம் தண்ணீரும் 172 கிராம் நெல்லும் கொள்ளுமாயின், 172ஐ 300ஆல் வகுக்க 0.57 வரும். இனி 10 லீற்றர் வாளியொன்றில் எவ்வளவு நெல் அடங்கும் என அறிய, 10ஐ 0.57ஆற் பெருக்கினால் 5.7 கிலோ எனக் கிடைக்கும். வாளியை நிறுக்கவேண்டிய தேவையில்லை.

இவ்வாறு பெற்ற எண்களை ஒரு மட்டையில் எழுதி, அரிசிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தல் வசதியாகும்.

சமையலறையிற் பயன்படுத்தல்

மூத்தோர் கூறும் சமையற் குறிப்புகள் சுண்டிலும் கொத்திலும் உள்ளன. இளையோர் பொருள் வாங்குவது கிலோவிலும் கிராமிலும் ஆகும். இரண்டுக்கும் இடையே கணக்குத் தவறினால் பணம் வீணாகும். அல்லது விருந்து நாளில் பொருள் போதாமற் போகும்.

284 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சுண்டு, தலைதட்டி அளக்கையில், ஏறக்குறையப் பின்வரும் நிறைகளைக் கொள்ளும்.

தேங்காயெண்ணெய்: 260 கிராம்
அரிசி: 225 கிராம்
மைசூர்ப் பருப்பு: 230 கிராம்
பயறு: 230 கிராம்
சீனி: 240 கிராம்
தூள் உப்பு: 340 கிராம்
கோதுமை மா, அரித்துத் தளர்வாக இட்டது: 150 கிராம்
கோதுமை மா, அழுத்தி நிரப்பியது: 185 கிராம்

குரக்கன் மா, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள் என்பன அரைத்த பதத்திற்கும் வறுத்த பதத்திற்கும் ஏற்ப மிக வேறுபடும். அவற்றை வீட்டிலேயே மேற்கூறிய முறைப்படி நிறுத்து அறிக.

இவ்வட்டவணையிலிருந்து சில உண்மைகள் புலப்படும். அரிசி, பருப்பு, பயறு, சீனி ஆகியன ஏறக்குறைய ஒரே நிறையின. அவற்றுக்குச் சுண்டு ஒன்று கால் கிலோவிற் சற்றுக் குறைவு என்று கொள்ளலாம். மா இவற்றினும் மிக இலேசானது. உப்பு மிகப் பாரமானது. ஆகவே, "ஒரு சுண்டு கால் கிலோ" என்னும் பேச்சை எல்லாப் பொருளுக்கும் வைத்துக்கொள்வது தவறு. அவ்வாறு எண்ணி மாவுக்குப் பதிலாக நிறையைக் கொண்டால், பலகாரத்திற்கு வேண்டியதினும் பாதிக்கு மேல் மிகுதியான மா சேர்ந்துவிடும்.

தைப்பொங்கலுக்கு ஒரு கொத்துப் பச்சையரிசியும் ஒரு சுண்டு பயறும் சேர்ப்பதாகக் கொள்வோம். கடையில் வாங்கவேண்டியது ஏறக்குறைய 900 கிராம் அரிசியும் 230 கிராம் பயறுமாகும். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ பயறும் வாங்கினால் இரண்டும் சிறிதளவு மிகுதியாயினும் விகிதம் ஏறக்குறைய மாறாது. கோயில் மடையிலோ கலியாண வீட்டிலோ 40 கொத்து அரிசி வேண்டுமாயின் 36.3 கிலோ போதும். கொத்து ஒன்றுக்குக் கிலோ ஒன்றென வாங்கினால் 3.7 கிலோ வீணே வாங்கியதாகும்.

எல்லாவற்றையும் நிறையாக மாற்றவேண்டும் என்பதன்று இதன் பொருள். சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும்போது, அரிசியளந்த சுண்டாலேயே தண்ணீரையும் அளக்கலாம். ஒரே பாத்திரத்தால் அளக்கும் விகிதத்தில் பிழை நேராது. நீர்ப்பொருள்களையும் முகந்தளப்பதே எளிது. விலை கொடுக்கும்போதும், மாவகைகளை அளக்கும்போதும், பெருந்தொகையிற் சமைக்கும்போதும் நிறுத்தலே ஏற்றது.

நெல் விற்பனையில் இழப்பைத் தவிர்த்தல்

ஒரு புசல் நெல் 20.87 கிலோ என்பதை ஒவ்வொரு நெற்செய்கையாளரும் மனனஞ் செய்தல் வேண்டும். களத்திலே விலை புசற் கணக்கிற் பேசப்பட்டு, நெல் தராசில் நிறுக்கப்படுமாயின், "புசல் ஒன்றுக்கு எத்தனை கிலோ?" என்னும் கேள்வியை நிறுக்கத் தொடங்குமுன் கேட்டல் வேண்டும்.

உதாரணம்: ஒரு கமக்காரர் 50 புசல் நெல் விற்கின்றார். வாங்குபவர் புசல் ஒன்றுக்கு 22 கிலோ எடுக்கின்றார். 50 புசலுக்கு உரியது 1,043.5 கிலோ. எடுக்கப்பட்டது 1,100 கிலோ. விலையின்றிப் போனது 56.5 கிலோ நெல். இதனைக் குத்தினால், நூற்றுக்கு 65 பங்கு அரிசி என்னும் கணக்கின்படி, ஏறக்குறைய 36.7 கிலோ அரிசி கிடைக்கும். நாளுக்கு ஒரு கொத்து அரிசி சமைக்கும் குடும்பத்திற்கு இது 40 நாட் சோறாகும். புசலில் ஒரு கிலோ ஏறக்குறைய என்பது சிறு பேச்சாகத் தோன்றினும், வருட முடிவில் அதன் பாரம் அடுப்படியிலே தெரியும்.

ஈரத்துக்கான கழிவு வேறு விடயம். அது நியாயமானது, ஆனால் கணக்கோடு இருத்தல் வேண்டும். களஞ்சியப்படுத்துவதற்குரிய நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது. அதற்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல் 100 கிலோவை, 14 வரை உலர்த்தினால் எஞ்சும் நிறை பின்வருமாறு.

ஈரப்பதன் 18: 95.3 கிலோ
ஈரப்பதன் 20: 93.0 கிலோ
ஈரப்பதன் 22: 90.7 கிலோ

இக்கணக்குச் செய்யும் முறை எளிது. ஈரப்பதன் 20 ஆயின், நீர் நீங்கிய பொருள் 80 கிலோ. ஈரப்பதன் 14 உள்ள நெல்லில் நூற்றுக்கு 86 பங்கு நீர் நீங்கிய பொருளாகும். 80ஐ 86ஆல் வகுத்து 100ஆற் பெருக்கினால் 93 வரும்.

ஆகவே காய்ந்த நெல் கிலோ 100 ரூபா விலைபோகுமாயின், ஈரப்பதன் 20 உள்ள நெல்லுக்கு 93 ரூபா கிடைப்பது நீருக்குரிய நியாயமான கழிவு. உலர்த்தும் கூலியையும் சேர்த்து எண்ணி, களத்தில் விற்பதா உலர்த்தி விற்பதா என்று கமக்காரர் தீர்மானிக்கலாம். ஒன்றை மட்டும் மிகக் கவனித்தல் வேண்டும். ஈரத்தைக் காரணங்காட்டிப் புசலின் கிலோவைக் கூட்டுவதும், அதே ஈரத்தைக் காரணங்காட்டி விலையைக் குறைப்பதும் ஒருங்கே நிகழலாகாது. அவ்வாறாயின் ஒரே நீருக்கு இருமுறை கழிவு கொடுத்ததாகும்.

ஆலையில் நெல் குத்துவிக்கும்போதும் இக்கணக்குப் பயன்படும். ஒரு புசல் நெல், அதாவது 32 கொத்து நெல், நூற்றுக்கு 65 பங்கு அரிசி தருமாயின் 13.6 கிலோ அரிசி கிடைக்கும். அது 15 கொத்து. "நெல்லுக்குப் பாதி அரிசி" என்னும் பழைய கணக்கு முகத்தலளவையில் ஏறக்குறையச் சரியே. ஆனால் நிறையிலே பாதி அரிசி மட்டும் கிடைக்குமாயின் அது பெருங் குறைவாகும். நெல்லைக் கொடுக்கும்போதும் அரிசியை வாங்கும்போதும் நிறுத்துப் பார்ப்பவர், குறைவுக்குக் காரணம் நெல்லோ இயந்திரமோ என்று விசாரித்தறியலாம்.

விதைநெல்

வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் என்பது பழகிய கணக்கு. அது 41.7 கிலோ; ஹெக்டேயருக்கு 103 கிலோ. ஹெக்டேயருக்கு 100 கிலோ என்று சிபாரிசு செய்யப்படுவதும் இதே அளவே. நாற்று நடுகைக்கு இதிலும் குறைவான விதை போதும்.

விதையை ஊறவைக்குமுன், காய்ந்த நிலையிலேயே நிறுத்தல் வேண்டும். ஊறி முளைகட்டிய விதை நீரை உறிஞ்சிப் பருத்துப் பாரமாகும். அதனைக் கொத்தால் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் உண்மையான விதையளவு தெரியாது. மேலும், பதர் கலந்த விதையைப் புசலால் அளந்தால் வயலில் விழும் உயிருள்ள விதை குறையும். தண்ணீரிலிட்டு மிதக்கும் பதரை நீக்கும் வழக்கமுள்ளவர்கள், எவ்வளவு நீங்குகின்றது என்பதை ஒருமுறை சிறிதளவு விதையிற் பார்த்து, அதற்கேற்பக் கூடுதலாக எடுத்துக்கொள்க.

உரத்தை ரின்னால் அளக்கும்போது

ரின் கணக்கு மிகுந்த தீங்கு விளைப்பது உரமிடுதலிலேயே. யூரியா இலேசானது. முச்சுப்பர் பொசுபேற்றும் மியூரியேற்றுப் பொட்டாசும் பாரமானவை. ஒரு சுண்டு கொள்ளும் நிறை ஏறக்குறைய வருமாறு.

யூரியா: 210 கிராம்
மியூரியேற்றுப் பொட்டாசு: 300 கிராம்
முச்சுப்பர் பொசுபேற்று: 310 கிராம்

குருணையின் பருமனுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப இவை சிறிது மாறும். யூரியா ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 4¾ சுண்டு வேண்டும். அதே 4¾ சுண்டு முச்சுப்பர் பொசுபேற்று இட்டால் 1.47 கிலோவாகும். அதாவது ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு. இதற்கு மாறாக, பொசுபேற்றுக்குப் பழகிய ரின் கணக்கால் யூரியாவை இட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 2021 ஆம் ஆண்டின் பின் உரவிலை எவ்வாறு உயர்ந்தது என்பதைக் கமக்காரர் மறந்திலர். மிகையாக இட்ட உரம் பணத்தைக் கரைப்பதோடு நில்லாது, சரிவான நிலத்தில் மழைநீரோடு கழுவுண்டு ஓடைகளையும் சேரும். மிகையான யூரியா நெற்பயிரைச் சாயச் செய்து பூச்சிக்கும் நோய்க்கும் இடமளிக்கும்.

இதனைத் தவிர்க்க, ஒவ்வோர் உரத்திற்கும் தனித்தனி ரின் வைத்து, ஒரு கிலோவை நிறுத்துக் கொட்டி எத்தனை ரின் ஆகின்றது என்று ஒருமுறை அறிக. பின்னர் அந்த எண்ணை ரின்னிலேயே மையினால் எழுதிவைக்க. வயலில் தராசு கொண்டுசெல்ல வேண்டிய தேவை இராது.

மரக்கறிப் பாத்திகளுக்குச் சேதனப் பசளை இடுகையில், ஹெக்டேயருக்கு 10 தொன் என்று கூறப்படின் அது சதுர மீற்றருக்கு ஒரு கிலோவாகும். 1 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் உள்ள பாத்திக்கு 6 கிலோ. ஒரு கூடை பசளை எத்தனை கிலோ என்று ஒருமுறை நிறுத்தறிந்தால், பிறகு கூடைக் கணக்கிலேயே இடலாம். ஈரமான பசளையும் காய்ந்த பசளையும் வேறு நிறையின என்பதை இங்கும் மறக்கலாகாது.

எச்சரிக்கை: உரமோ பீடைநாசினியோ அளந்த ரின்னையும் கரண்டியையும் மீண்டும் சமையலறைக்குள் கொண்டுவரலாகாது. அவற்றில் அடையாளமிட்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்க. பீடைநாசினித் தூளைத் தேக்கரண்டிக் கணக்கில் அளத்தல் ஆகாது. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் கொள்ளும். 5 கிராம் தூள் என்பது வேறு.

மரக்கறி மூடைகள்

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கூடைக்கணக்கில் எடுக்கப்படுவதில்லை. கூடையிலே எவ்வளவு அமுக்கி நிரப்பினாலும் தராசில் நிறுத்தே கணக்கிடப்படுகின்றது. கூடையின் நிறையும் ஈரத்தின் நிறையும் கழிக்கப்படுவதையும், அக்கழிவு எவ்வளவு என்று கேட்டறிய வேண்டியதையும் தோட்டத் தொழிலாளர் நன்கு அறிவர். அதே விழிப்பு அவர்களது லயத்தருகே விளையும் போஞ்சிக்கும் கோவாவுக்கும் வேண்டும்.

வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலிருந்து கெப்பட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கும் ஏனைய சந்தைகளுக்கும் செல்லும் மரக்கறி மூடையாகக் கட்டப்படுகின்றது. மூடை என்பது அளவையன்று. கோவா மூடையில் காற்றிடைவெளி மிகுதி. கரட், உருளைக்கிழங்கு மூடைகளில் குறைவு. மூடைக்கு இவ்வளவு என்று விலைபேசுவது இருளில் விலைபேசுவதை ஒக்கும். கட்டுமுன் ஒவ்வொரு மூடையையும் நிறுத்து, நிறையை ஒரு துண்டில் எழுதி இணைத்து, மறு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

சாக்குக்கான கழிவைச் சாக்கின் உண்மையான நிறையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஒரு சாக்கு 800 கிராம் நிறையுடையதாயிருக்க, மூடைக்கு 2 கிலோ கழிக்கப்படுமாயின், 12 மூடையில் 14.4 கிலோ மரக்கறி கணக்கின்றிப் போகும். வெற்றுச் சாக்குகள் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு சாக்கின் நிறை தெரியும். அந்த எண்ணோடு சந்தைக்குச் செல்பவர் வாதாட வேண்டியதில்லை. கணக்கைக் காட்டினாற் போதும்.

தராசைச் சோதித்தல்

தராசு பிழையாயின் மேற்கூறிய கணக்கெல்லாம் பிழையாகும். தராசில் ஒன்றும் வைக்காதபோது முள் பூச்சியத்தில் நிற்கின்றதா, அல்லது எண் பூச்சியம் காட்டுகின்றதா என்று முதலிற் பார்க்க. பின்னர் வெறும் போத்தலொன்றை நிறுத்து, அதில் சரியாக ஒரு லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றி மீண்டும் நிறுக்க. வேறுபாடு ஒரு கிலோவாக இருத்தல் வேண்டும். ஐந்து, பத்து லீற்றரிலும் இவ்வாறே சோதிக்க. சிறு நிறையிற் சரியாகக் காட்டும் தராசு பெரு நிறையிற் பிழை காட்டுவதுண்டு.

விற்பனைக்குப் பயன்படும் தராசுகளும் எடைக்கற்களும் சட்டப்படி பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டியவை. நிறுக்கும் இடத்தில் முத்திரையைக் காட்டும்படி கேட்பது கமக்காரரின் உரிமையாகும். அதிற் குறைகூற ஒன்றுமில்லை.

தராசு வாங்க இயலாத வீட்டினர் அயலவர் சிலருடன் கூடி ஒன்றை வாங்கலாம். அல்லது நடுவில் தொங்கவிட்ட நேரான கோலின் இரு முனைகளிலும் சம தூரத்தில் ஒரே நிறையுள்ள இரு தட்டுகளைக் கட்டி, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒரு தட்டிலும், அதே போன்ற வெறும் போத்தலையும் நிறுக்கும் பொருளையும் மறு தட்டிலும் வைத்தால் ஒரு கிலோவை நிறுக்கலாம்.

பயிற்சி

1. ஒரு வீட்டில் 6 புசல் காய்ந்த நெல் உண்டு. அதன் நிறை எவ்வளவு? நூற்றுக்கு 65 பங்கு அரிசி கிடைப்பின் எத்தனை கொத்து அரிசியாகும்?

2. ஒரு ரின் 320 கிராம் தண்ணீரும் 250 கிராம் போஞ்சி விதையும் கொள்ளும். 5 லீற்றர் வாளியில் எவ்வளவு போஞ்சி விதை அடங்கும்?

3. ஒரு கிலோ அரிசியில் எத்தனை சுண்டு உண்டு?

விடைகள்: 1. 125.2 கிலோ, ஏறக்குறைய 90 கொத்து. 2. 3.9 கிலோ. 3. ஏறக்குறைய 4.4 சுண்டு.

நினைவிற் கொள்ளவேண்டியவை

ஒரு புசல் காய்ந்த நெல் 20.87 கிலோ. ஒரு கொத்து அரிசி 907 கிராம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ.

அளக்கும்போது எப்பொழுதும் தலைதட்டி அளக்க. குவித்தும் குலுக்கியும் அளக்கவேண்டாம்.

விலைபேசுமுன் புசலுக்கு எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழிவு என்று கேட்டறிக.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறை உண்டு. ஒன்றுக்குப் பழகிய ரின் கணக்கை மற்றொன்றுக்குக் கொள்ளவேண்டாம்.

இது குறித்து மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையோ, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தையோ நாடலாம். செல்லும்போது வீட்டில் அளக்கும் ரின்னையும் உடன் கொண்டுசென்றால், அங்கேயே நிறுத்து அட்டவணை அமைத்துக்கொள்ள உதவியாகும்.